பாவாடை வீட்டு வைஃபை களவு

மரக்காணத்துக் காற்றில் உப்பு கொஞ்சம் அதிகம். ஒரு தடவை என் சைக்கிளை உப்பளத்துக் கரையில் நிறுத்திவிட்டு ஒரு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது பெல் மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தது. அது பித்தளை. மற்றதெல்லாம் துருவாகிக் காற்றோடு போயிருந்தது. நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வந்து பெல்லை அடித்துப் பார்க்கலாம்.

இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். ஏன் என்பது தானாகத் தெரியும்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற 'சாமுண்டி செல்போன்ஸ்' கடையின் போர்டில், 'டிஸ்ப்ளே மாற்றித் தரப்படும்' என்று பெரிய எழுத்திலும், 'துப்பறிதலும் உண்டு' என்று சின்ன எழுத்திலும் எழுதியிருக்கும். முதல் வேலைக்கு உதவி ஒரு ஸ்க்ரூ டிரைவர். இரண்டாவது வேலைக்கு உதவி நான். பெயர் சுப்ராயன். உப்பு லாரி ஓட்டி ஓய்ந்தவன். கடைக்காரி சாமுண்டீஸ்வரிக்கு என் மகள் வயது. ஆனால் யோசிக்க ஆரம்பித்தால் என் அம்மா வயது ஆகிவிடுவாள். பேசக்கூட பயமாக இருக்கும்.

அந்தப் புதன்கிழமை காலையில் இலக்கியா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். உப்பளக்காரர் பாவாடையின் ஒரே பெண். மறுநாள் அவளுக்கு நிச்சயதார்த்தம். கையில் பத்திரிகை கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து எழுந்து நின்றேன். கை காலியாக இருந்தது.

"எங்க வீட்ல வைஃபை திருடு போயிடுச்சுக்கா" என்றாள் சாமுண்டியிடம்.

"என்னா சைஸு இருக்கும்?" என்று நான் கேட்டேன். அடையாளம் கேட்பது துப்பறிவதன் முதல் படி.

இரண்டு பேருமே என்னைப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். பாவாடையிடம் ஒரு லேப்டாப் இருக்கிறது. மழை எங்கே வருகிறது என்று ரேடார் படம் பார்ப்பதற்காக வாங்கியது. உப்புக் குவியல் வெட்டவெளியில் கிடக்கும்போது ஒரு கோடை மழை வந்தால் போதும், மாத உழைப்பும் கரைந்து கடலுக்கே திரும்பிப் போய்விடும். போனிலும் பார்க்கலாம்தான். போனில் மழை கொசு மாதிரித் தெரிகிறது, அடிக்கத் தோன்றுகிறது என்பது அவர் வாதம்.

அந்த லேப்டாப் கிழடு தட்டிப் போயிருந்தது. பட்டனை அமுக்கிவிட்டு உப்பளத்துக்குப் போய் ஒரு பாத்தி வாரிவிட்டு வந்தால்தான் முகம் காட்டும். போன ஞாயிற்றுக்கிழமை கௌதமன் வந்து அதைச் சரி செய்தான். இடையஞ்சாவடிப் பையன், குயிலாப்பாளையத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், நாளைய மாப்பிள்ளையும் அவன்தான். பழைய சிஸ்டத்தை வழித்து எறிந்துவிட்டு புதிதாக ஒரு லினக்ஸ் போட்டான். அது இலவசம். உள்ளே என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். லேப்டாப் குதிரை மாதிரி எழுந்து நின்றது.

வைஃபை மட்டும் வரவில்லை. வீட்டில் போனுக்கு வைஃபை வருகிறது, டிவிக்கு வருகிறது, லேப்டாப்பில் மட்டும் அந்த அடையாளமே இல்லை. ஒரு கோப்பு குறைகிறது, செவ்வாய்க்கிழமை கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான் கௌதமன். செவ்வாய்க்கிழமை வந்தான், பென்டிரைவைச் செருகினான், ஒன்றும் நடக்கவில்லை. வியர்த்துக்கொண்டே திரும்பிப் போனான்.

பாவாடைக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. அவரிடம் ஒரு சட்டம் உண்டு: "சும்மா ஒன்னு உள்ள வந்திச்சின்னா, காசுள்ளது ஒன்னு வெளிய போயிருக்குது." இலவச லினக்ஸை உள்ளே விட்டு, வைஃபை கார்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான் பையன். அது வந்தால்தான் நாளைக்குத் தட்டு மாற்றுவேன், இல்லாவிட்டால் சமையல்காரரைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று சொல்லியாகிவிட்டது.

"அவரு எடுத்திருக்க மாட்டாருக்கா" என்றாள் இலக்கியா. "எங்க வீட்ல ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடிக்கவே அவருக்குப் பயம்."

சாமுண்டி ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். உதவியாளர்கள் இருவரும் தயார்.

பாவாடை வீடு உப்பளத்தை ஒட்டி இருக்கிறது. எங்கள் ஊரில் கேட்டைத் திறந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். விருந்தாளி வருவதை அறிவிக்க வேறு மணி வேண்டாம். இந்த வீட்டுக் கேட் தொட்டதும் சத்தமே இல்லாமல் விலகியது. கதவும் அப்படியே. உள்ளே ஃபேன் சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்ததே தவிர காதுக்குத் தெரியவில்லை. ரிமோட்டை நகர்த்திவிட்டு உட்காரலாம் என்று எடுத்தேன். கெளுத்தி மீன் மாதிரி வழுக்கி ஓடியது.

பாவாடை வெள்ளைச் சட்டையில் கம்பீரமாக நின்றிருந்தார். இடுப்பு மடிப்பில் ஒரு சின்ன வட்ட டப்பா தெரிந்தது. பொடி போடுகிற மனிதர் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு ஒரு சிட்டிகை கேட்டேன். அவர் டப்பாவை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டார். பணக்காரர்கள் அப்படித்தான்.

சாமுண்டி லேப்டாப்பைத் திறந்து, கறுப்புத் திரை ஒன்றை வரவழைத்து ஏதோ தட்டினாள். உள்ளே இருக்கிற சில்லுகளையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுகிற கட்டளை அது. பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி. வரிசையாகப் பெயர்கள் வந்தன. ஒரு பெயர் மேல் விரலை வைத்தாள்.

"இதான் உங்க வைஃபை கார்டு. எங்கியும் போகல. உள்ளதான் இருக்குது."

களவு போன பொருள் களவு போன இடத்திலேயே கிடைப்பது எங்கள் தொழிலில் பெரிய அவமானம். வந்த வேகத்திலேயே வழக்கு முடிந்துவிட்டதே என்று நான் வருத்தப்பட்டேன். பாவாடை என்னைக் காப்பாற்றினார். இருக்கிறதென்றால் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டார்.

சாமுண்டி இன்னொரு கட்டளை தட்டினாள். லேப்டாப் எழுந்திருக்கும்போது தனக்குத் தானே முணுமுணுத்துக்கொண்டதெல்லாம் திரையில் ஓடியது. அதில் ஒரு வரியில் மெஷினே வாக்குமூலம் கொடுத்திருந்தது: வைஃபைக்கான ஃபர்ம்வேர் கோப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை.

"ஆளு வேலைக்கு வந்துட்டான்" என்றாள் சாமுண்டி. "உப்பு வார்ற பலகைய யாரும் கையில குடுக்கல. அதான் கரையில குந்திகினு இருக்கான். அந்தப் பலகைதான் ஃபர்ம்வேரு."

பாவாடைக்கு இது புரிந்தது. புரிந்ததால் கோபம் அதிகமாயிற்று. தன் ஆட்களுக்குத் தானே பலகை கொடுப்பதாகவும், அந்த லினக்ஸுக்கு மட்டும் என்ன கேடு என்றும் கேட்டார்.

அதற்குச் சாமுண்டி சொன்ன விளக்கத்தை நான் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். லினக்ஸில் பல ரகம் உண்டு. சிலது இந்தக் காலத்துக்கு ஏற்ப விட்டுக்கொடுத்துப் போகும். கௌதமன் போட்டது ஆசாரமான ரகம். சமையலறையைத் திறந்து காட்டாத வீட்டில் அது கை நனைக்காது. கார்டு செய்த கம்பெனி தன் ஃபர்ம்வேரைத் திறந்து காட்டுவதில்லை. அதனால் லினக்ஸ் அதைக் கூடவே கொண்டு வருவதில்லை. வேண்டும் என்றால் வீட்டுக்காரர் தனியாக வாங்கி வந்து பரிமாற வேண்டும்.

"எங்கேருந்து வாங்கறது?"

"நெட்லேருந்துதான்."

"நெட்டுக்கு?"

"வைஃபை வேணும்."

கிணற்றில் இறங்கக் கயிறு வேண்டும். கயிறு கிணற்றுக்குள் கிடக்கிறது. பாவாடை என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

இதற்கு வழி உண்டு. வேறு கம்ப்யூட்டரில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டு வரலாம். இல்லாவிட்டால் போனை ஒயரில் மாட்டி, போனின் நெட்டை லேப்டாப்புக்கு ஊட்டலாம். இரண்டுக்குமே பக்கவாட்டில் இருக்கிற யுஎஸ்பி ஓட்டை வேண்டும். சாமுண்டி தன் பென்டிரைவைச் செருகினாள். லேப்டாப் கண்டுகொள்ளவில்லை. போனை மாட்டினாள். கண்டுகொள்ளவில்லை. இந்தப் பக்கத்து ஓட்டையில், அந்தப் பக்கத்து ஓட்டையில், எதிலும் உயிர் இல்லை. உருவிய பென்டிரைவை விரலால் தடவிப் பார்த்தாள். நெட் ஒயர் மாட்டுகிற பெரிய ஓட்டை அந்த ஒல்லி லேப்டாப்புக்கு வைக்கப்படவே இல்லை.

"பாத்தியாம்மா" என்றார் பாவாடை, மகளைப் பார்த்து. "கார்டத்தான் எடுக்கல. ஓட்டையெல்லாம் சாவடிச்சிட்டுப் போயிருக்கான்."

குற்றம் திருட்டிலிருந்து கொலைக்கு உயர்ந்துவிட்டது. பின்கட்டில் சமையல்காரர் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு, உரிக்கலாமா வேண்டாமா என்று ஆள் விட்டுக் கேட்டார். பொறுக்கச் சொல்லி அனுப்பினார் பாவாடை.

சாமுண்டி கௌதமனுக்குப் போன் போட்டுப் பென்டிரைவோடு வரச் சொன்னாள். வந்தான். வாசலில் பைக்கை நிறுத்தும்போதே செயின் கழன்று விழுந்தது. அதை மாட்டிவிட்டு, கரிய கையோடு உள்ளே வந்து, பாவாடையைப் பார்த்ததும் நடுங்க ஆரம்பித்தான். சாதாரண நடுக்கம் இல்லை. மேஜை மேல் இருந்த டம்ளர் தானாக நகர்ந்து என் பக்கம் வந்தது. வந்ததை ஏன் விடுவது என்று தண்ணீரைக் குடித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமையும் செயின் கழன்றதாம். அன்றைக்கும் இதே கைதான். பென்டிரைவை வெளியே எடுத்தபோது பிசுபிசு என்று இருந்தது, தன் கை அழுக்குதான் என்று நினைத்துத் துடைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டானாம். மேற்கொண்டு குனிந்து பார்த்திருக்கலாம். ஆனால் மாமனார் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்.

எனக்குப் பொறி தட்டியது. எழுந்து நின்று என் முடிவை அறிவித்தேன். பையன் திருடன் இல்லை, கொலைகாரனும் இல்லை. அழுக்குக் கையோடு பென்டிரைவைச் செருகியதில் செயின் மசகு ஓட்டைக்குள் போய் அடைத்துக்கொண்டது. குற்றவாளி பைக். அதைக் கைது செய்துவிட்டு எல்லோரும் சாப்பிடலாம்.

"கையப் பாருங்க, கைய" என்றார் பாவாடை வெற்றியோடு. பைக் யாருடையது என்றும் கேட்டார். கௌதமன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். இலக்கியா என்னைப் பார்த்த பார்வையில், மறுநாள் பந்தியில் எனக்கு இலை இல்லை என்று எழுதியிருந்தது.

சாமுண்டி யோசிக்க ஆரம்பித்திருந்தாள். அம்மா வயதுக்குப் போயிருந்தாள். கௌதமனின் பென்டிரைவை வாங்கி, அதன் இரும்பு மூக்கை ஒரு வெள்ளைத்தாளில் தேய்த்தாள். பக்கத்திலேயே கௌதமனின் கட்டைவிரலை அழுத்தச் சொன்னாள். விரல் கறுப்பாகப் பதிந்தது. பென்டிரைவ் விட்டுப் போன தடம் மஞ்சளாக, தேன் மாதிரி பளபளத்தது.

"சுப்ராயண்ணா, நீங்க புடிச்ச பைக்கு விடுதலை" என்றாள்.

பிறகு கௌதமனிடம், ஞாயிற்றுக்கிழமை இந்த லினக்ஸை எந்த வழியாக உள்ளே போட்டாய் என்று கேட்டாள். பென்டிரைவ் வழியாகத்தான், இதே ஓட்டையில்தான் என்றான் அவன். சொன்ன பிறகுதான் அவனுக்கே அதன் அர்த்தம் தெரிந்து வாய் திறந்தபடி நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஒரு சிஸ்டமே நுழைந்த வாசல், செவ்வாய்க்கிழமை அடைத்துக் கிடந்திருக்கிறது. நடுவில் இருப்பது திங்கட்கிழமை.

திங்கட்கிழமை லேப்டாப்பை யார் தொட்டது? யாரும் இல்லை என்றாள் இலக்கியா. காலை முதல் சார்ஜில்தான் கிடந்தது, அன்றைக்கு அமாவாசை, எல்லோருக்கும் படையல் வேலை.

சாமுண்டி லேப்டாப்பைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். சார்ஜர் ஒயரை உருவி அந்தத் துளையைப் பார்த்தாள். சுத்தமாக மின்னியது. மற்ற துளைகளையும் ஒரு முறை பார்த்தாள். மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, தலைவலிக்கிறவள் மாதிரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு சம்பந்தமே இல்லாமல் தன் கடை ஷட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். துரு ஏறி இழுக்கவே முடியவில்லையாம். உங்கள் வீட்டுக் கேட் மட்டும் எப்படி இப்படி வெண்ணெய் மாதிரித் திறக்கிறது என்று பாவாடையிடம் கேட்டாள்.

பாவாடையின் முகம் மலர்ந்தது. அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்க வேண்டும் என்று அவர் வருஷக்கணக்கில் காத்திருந்த கேள்வி அது. இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். உள்ளே இருந்தது பொடி இல்லை. உப்புத் தண்ணீர் இறைக்கிற இன்ஜினுக்குப் போடுகிற கிரீஸ். தேன் மாதிரி மஞ்சள். ஒரு சிட்டிகை கேட்டும் கொடுக்காததற்கு என் மூக்கு அவருக்கு நன்றி சொன்னது.

"எங்கப்பா சொல்லிக் குடுத்தது. உப்புக் காத்து ஓட்டைய பாத்துதான் உள்ள பூரும். நாம முந்திக்கணும்" என்றார். "அமாவாசைக்கு அமாவாசை இன்ஜினுக்குக் கற்பூரம் காட்டிட்டு, அந்தக் கையோட வீட்டுல இருக்கிற பூட்டு, கீலு, ஃபேனு, எது எதுக்கு ஓட்டை இருக்குதோ ஒன்னு விடாம எல்லாத்துக்கும் வச்சி அமுக்கி..."

கை காற்றில் அமுக்கிக் காட்டியது. அந்தக் கட்டைவிரல் அப்படியே நின்றது.

யாரும் பேசவில்லை. ஃபேன்கூடப் பேசவில்லை, அதற்கும் வைத்திருந்தார்.

பாவாடையின் கண் மெதுவாக லேப்டாப் பக்கம் போனது. வீட்டிலேயே அதிக விலையுள்ள பொருள். குதிரை மாதிரி எழுந்து நின்ற பொருள். பக்கத்துக்கு ஒன்றாகத் துளைகள் உள்ள பொருள். துரு பிடிக்கக் கூடாது என்று மற்றதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே வைத்திருப்பார். சார்ஜர் துளை ஒன்றுதான் தப்பித்தது, அதன் வாயில் அன்றைக்கு ஒயர் இருந்ததால்.

"அப்பா" என்றாள் இலக்கியா.

கொரோனா காலத்தில் வாங்கிய கை கழுவும் சானிடைசர் பரணில் கிடந்தது. லேப்டாப்பை அணைத்துவிட்டு, ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றி, அதில் நனைத்து, சாமுண்டியும் கௌதமனும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தோண்டினார்கள். வந்த கிரீஸைக் கொண்டு இன்னொரு இன்ஜினையே ஓட்டியிருக்கலாம். நான் பார்த்தவரை இரண்டு படி. பாவாடை பின்னால் நின்றார். ஆனால் இப்போது பிடரியில் மூச்சு விடவில்லை. மூச்சே விட்டாரா என்று தெரியவில்லை.

காய வைத்து, லேப்டாப்பை எழுப்பி, பென்டிரைவைச் செருகினான் கௌதமன். இந்த முறை திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் படம் எட்டிப் பார்த்தது. கோப்பை எடுத்து உரிய இடத்தில் வைத்தான். ஆளின் கையில் பலகை ஏறியது. லேப்டாப் ஒரு முறை தூங்கி எழுந்தது. வைஃபை அடையாளம் வந்தது, பாஸ்வேர்ட் கேட்டது.

பாவாடை எங்களையெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் தட்டினார். திருடன் யார் என்று தெரிந்த பிறகும் ஜாக்கிரதை போகவில்லை. ரேடார் படம் திரை நிறைய விரிந்தது. மரக்காணத்தின் மேல் ஒரு பொட்டு மேகம் இல்லை.

அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "துரு ஏறலல்ல?" என்று கேட்டார்.

"சுத்தமா இல்லீங்க மாமா" என்றான் கௌதமன்.

மன்னிப்பு கேட்டதும் கொடுத்ததும் அவ்வளவுதான். பாவாடை பின்கட்டைப் பார்த்து, வெங்காயத்தை உரிக்கச் சொன்னார்.

கேட் வரை எங்களோடு வந்தார். ஊரில் கேட்டால் என்ன சொல்வது என்று சாமுண்டியிடம் தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

"ஃபர்ம்வேரு இல்லாம இருந்திச்சு, போட்டாச்சு. அதுவும் நெசந்தானே" என்றாள் அவள்.

நானும் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வது கணக்கில் வராது.

மறுநாள் தட்டு மாற்றினார்கள். எனக்கு இலை போட்டார்கள், ஓரத்தில். மோதிரம் மாற்றுகிற நேரத்தில்தான் சிக்கல் வந்தது. கௌதமனுக்கு எடுத்த மோதிரம் விரல் கணுவில் நின்றுவிட்டது. இலக்கியா தள்ளிப் பார்த்தாள். கௌதமனுக்கு வியர்த்தது. சகுனம் சரியில்லையோ என்று பின்வரிசையில் யாரோ முனக, அது முன்வரிசைக்கு வரக் கிளம்பியது.

பாவாடை எழுந்து வந்தார். பட்டு வேட்டி மடிப்பில் கையை விட்டார். வட்ட டப்பாவின் மூடியைத் திறந்து, மாப்பிள்ளையின் விரலைப் பிடித்து, தன் கட்டைவிரலால் ஒரு சுற்று வைத்தார்.

மோதிரம் போனது. போன வேகத்தில் முழங்கையைத் தாண்டியிருக்கும், இலக்கியா பிடித்துக்கொண்டாள்.

சாமுண்டி என் காதில் குனிந்து, கிரீஸ் போட வேண்டிய இடத்தில் அந்த மனிதர் போட்டு இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றாள். அதில் என்ன ஆச்சரியம் என்று நான் கேட்டேன். மோதிரமும் ஒரு ஓட்டைதானே.